இன்னிஸ்ட்ராட் டிராஃப்டில் யாரும் சீண்டாத டெக்: சிலந்தியா, வெஞ்சன்ஸா, இல்லை நேர்வழியா?

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் இன்னிஸ்ட்ராட் தொகுப்பு வந்தது 2011 செப்டம்பர் 30. பழைய பாக்கெட் கிடைத்தாலும் சரி, மேஜிக் ஆன்லைனில் (அதன் கணினி வடிவம்) மறுபடி டிராஃப்ட் (பாக்கெட்டிலிருந்து ஒரு கார்டை எடுத்து, மீதியைப் பக்கத்தவருக்குத் தந்து, எடுத்தவற்றால் ஆடும் கட்டை, அதாவது டெக்கை, அமைக்கும் முறை) திறந்தாலும் சரி, இன்றும் ஆள் சேர்ந்துவிடும். மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிடும் கார்டுகளாலேயே முழு டெக் கட்ட முடிகிற தொகுப்பு இது. அதனாலேயே வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு வடிவில் வருகிறது: ஸ்பைடர் ஸ்பானிங் என்ற கார்டை நம்பி இறங்கலாமா, பர்னிங் வெஞ்சன்ஸ் மேலா, அல்லது வம்பே வேண்டாம் என்று டிராவல் பிரெபரேஷன்ஸோடு பச்சை-வெள்ளை நிறக் கார்டுகளில் போய்விடலாமா?

மூன்றுமே ஜெயிக்கிற டெக்குகள்தான். எதில் எவ்வளவு பலம் என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பதால் பயன் இல்லை. உங்கள் மேஜையில் எதன் கார்டுகள் தாமதமாக வருகின்றன, அந்த டெக்குக்கு மையக் கார்டு எத்தனை தேவை என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கீழே உள்ள கணக்கெல்லாம் எட்டுப் பேர் மேஜைக்கு, மூன்று பாக்கெட்டும் இன்னிஸ்ட்ராடாக இருக்கும் டிராஃப்டுக்கு.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதல் அளவுகோல், மையக் கார்டு மேஜையில் இருக்கிறதா என்பது. பெரும்பாலோர் கணக்குப் போடாமல் விடுவது இதைத்தான். ஒரு பாக்கெட்டில் 15 கார்டு: 1 ரேர் (அரிது), 3 அன்காமன் (சற்று அரிது), 9 காமன் (சாதாரணம்), 1 இருமுகக் கார்டு (இரு பக்கமும் அச்சிட்டது), 1 லேண்ட் (கார்டுகளை ஆடத் தேவையான மானாவைத் தருவது) அல்லது செக்லிஸ்ட் கார்டு (டெக்கில் இருமுகக் கார்டுக்குப் பதிலாக வைப்பது). இருமுகக் கார்டுகளைக் கழித்தால் தொகுப்பில் 60 அன்காமன், 101 காமன். எட்டுப் பேருக்கு 24 பாக்கெட், அதாவது 72 அன்காமன். ஃபாயிலை (பளபளப்பு அச்சுக் கார்டுகளை) விட்டுவிட்டால் ஒவ்வொரு அன்காமனும் மேஜைக்குச் சராசரியாக 1.2 பிரதிதான் வரும்.

சராசரியைவிட அதன் பரவல் முக்கியம். ஒரு பாக்கெட்டில் குறிப்பிட்ட ஓர் அன்காமன் இருக்க 5% வாய்ப்பு. 24 பாக்கெட்டிலும் அது இல்லாமல் போக 29%. ஒன்றாவது இருக்க 71%. இரண்டோ அதற்கு மேலோ இருக்க 34% மட்டுமே. ஸ்பைடர் ஸ்பானிங், பர்னிங் வெஞ்சன்ஸ் இரண்டும் அன்காமன் என்பதால் இரண்டுக்கும் இதே எண்கள்தான். டிராவல் பிரெபரேஷன்ஸ் காமன். அது மேஜைக்குச் சராசரியாக 2.1 வரும்.

ஆறுதலான செய்தியும் உண்டு. எட்டுப் பேர் மேஜையில் ஒவ்வொரு பாக்கெட்டும் எட்டுப் பிக்குக்குள் (ஒரு பிக் என்பது ஒரு கார்டு எடுப்பது) எல்லார் கையிலும் ஒரு முறை வந்து போகும். யாருக்கும் வேண்டாத கார்டு என்றால், 24 பாக்கெட்டில் எங்கே இருந்தாலும் அது உங்கள் கண்ணில் படும். ‘மதிப்புத் தெரியாத டெக்’ என்பதன் பலனே இதுதான். எல்லாரும் தேடும் கார்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

அடுத்த அளவுகோல், மையக் கார்டு நாற்பது கார்டு டெக்கில் எவ்வளவு எளிதாகக் கைக்கு எட்டும் என்பது. பிறகு அது வராத ஆட்டத்தில் டெக் என்ன செய்யும், மானா எவ்வளவு சிக்கல், இரண்டாம் ஆட்டத்தில் எதிராளி சைடுபோர்டிலிருந்து (டெக்கில் சேர்க்காமல் வைத்த மிச்சக் கார்டுகள்) எதைக் கொண்டுவர முடியும், ஒரு சுற்றுக்குள் ஆட்டம் முடியுமா என்பவை.

| | சிலந்தி டெக் | வெஞ்சன்ஸ் டெக் | பச்சை-வெள்ளை |
|---|---|---|---|
| மையக் கார்டு | ஸ்பைடர் ஸ்பானிங் (அன்காமன்) | பர்னிங் வெஞ்சன்ஸ் (அன்காமன்) | டிராவல் பிரெபரேஷன்ஸ் (காமன்) |
| எத்தனை வேண்டும் | 1 போதும் | 2 | ஒன்றுகூட இல்லாமல் ஓடும் |
| அத்தனையும் மேஜையில் இருக்க வாய்ப்பு | 71% | 34% | கேள்வியே இல்லை |
| துணைக் கார்டுகள் | 6-வது பிக்குக்குப் பிறகும் வரும் | பாதி சீக்கிரம் போய்விடும் | போட்டி அதிகம் |
| நிறம் | பச்சை, நீலம், கொஞ்சம் கறுப்பு | நீலம், சிவப்பு | பச்சை, வெள்ளை |
| ஆட்டம் முடியும் நேரம் | மிக மெதுவு | மெதுவு | வேகம் |
| பெரிய ஆபத்து | கறுப்பு மானா, கடிகாரம் | என்சான்ட்மென்டை (மேஜையில் நிலைத்து நிற்கும் மாயக் கார்டை) உடைக்கும் கார்டுகள் | பக்கத்து நாற்காலியும் அதே நிறம் |

## சிலந்தி டெக்

ஸ்பைடர் ஸ்பானிங்குக்கு ஐந்து மானா: நான்கு எதுவாகவும், ஒன்று பச்சையாகவும். உங்கள் கிரேவ்யார்டில் (ஆடி முடிந்த, செத்த கார்டுகளின் குவியல்) இருக்கும் ஒவ்வொரு கிரீச்சர் (சண்டையிடும் உயிரி) கார்டுக்கும் ரீச் உள்ள, அதாவது பறப்பவற்றையும் தடுக்கும், 1/2 சிலந்தி (அடிக்கும் பலம் 1, தாங்கும் டஃப்னஸ் 2) ஒன்று வரும். ஃபிளாஷ்பேக்குக்கு (கிரேவ்யார்டிலிருந்து இன்னொரு முறை ஆடுவதற்கு) ஏழு மானா, அதில் ஒன்று கறுப்பு.

இந்த டெக்கின் உயிர்நாடி அந்த ஃபிளாஷ்பேக்தான். ஸ்பானிங்கை நீங்கள் கையில் எடுக்கவே தேவையில்லை. லைப்ரரியிலிருந்து (இன்னும் கைக்கு எடுக்காத கட்டு) நேராகக் கிரேவ்யார்டுக்குப் போனாலும் ஏழு மானாவுக்கு அங்கிருந்தே ஆடிக்கொள்ளலாம். அதனால் உங்கள் லைப்ரரியை நீங்களே மில் செய்வது (மேலிருந்து கிரேவ்யார்டுக்குத் தள்ளுவது), கார்டைத் தேடுவதற்குச் சமம். இரண்டாவதாக ஆடும் ஆட்டத்தில் எட்டாவது டர்னுக்குள் 15 கார்டு கைக்கு வந்திருக்கும். ஒவ்வொன்றும் நான்கு கார்டை நகர்த்தும் ஆர்மர்டு ஸ்காப் இரண்டும் மல்ச் இரண்டும் ஆடியிருந்தால் மேலும் 16 கார்டு நகர்ந்திருக்கும். நாற்பதில் 31 பார்த்தாயிற்று. ஒரே ஒரு பிரதி வைத்திருந்தாலும் 78% ஆட்டங்களில் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அன்காமன் ஒன்றை மட்டும் நம்பி லிமிடெட் (அப்போது திறந்த பாக்கெட்டுகளால் மட்டும் ஆடும்) டெக் கட்டுவது பொதுவாக முட்டாள்தனம். இங்கே அது சரியாக வருவதற்குக் காரணம் இதுதான்.

23 கார்டுக்கு ஒரு நல்ல மாதிரி:

- கிரீச்சர் 14: ஆர்மர்டு ஸ்காப் 3, டிரேஞ்ஜ்டு அசிஸ்டன்ட் 2, செல்ஹாஃப் ஒக்கல்டிஸ்ட் 2, ஆம்புஷ் வைப்பர் 2, போன்யார்டு வர்ம் 1, வில்லேஜர்ஸ் ஆஃப் எஸ்ட்வால்டு 1, ஆர்ச்சர்டு ஸ்பிரிட் 1, மூன் ஹெரான் 1, உட்லேண்ட் ஸ்லூத் 1
- மற்றவை 9: ஸ்பைடர் ஸ்பானிங் 1, மல்ச் 2, ஃபர்பிடன் ஆல்கெமி 2, நா டு தி போன் 1, மெமரீஸ் ஜர்னி 1, கிளாஸ்ட்ரோஃபோபியா 1, டிராவலர்ஸ் ஆமுலெட் 1
- லேண்ட் 17: ஃபாரஸ்ட் 7, ஐலேண்ட் 7, ஸ்வாம்ப் 2, ஷிம்மரிங் குரோட்டோ 1

கிரீச்சர் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள். 14 இருந்தால் மில் ஆகும் நான்கு கார்டுக்குச் சராசரி 1.4 கிரீச்சர், 10 ஆகக் குறைத்தால் 1.0. பதினாறு கார்டு மில் ஆன பிறகு அது ஐந்தரைக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம். ஸ்பானிங்கைக் கையிலிருந்து ஒரு முறை, ஃபிளாஷ்பேக்கில் ஒரு முறை என்று இரண்டு தடவை ஆடும்போது மூன்று சிலந்தி குறையும். ‘ஒரு நல்ல ஸ்பெல் இருக்கிறதே’ என்று கிரீச்சரை எடுத்துவிட்டு அதைச் சேர்ப்பதே இந்த டெக்கைக் கெடுக்கும் முதல் தவறு. இறக்கியதும் செத்துப்போகும் கிரீச்சர் இங்கே நஷ்டமே இல்லை. வைப்பர் ஒன்றைத் தடுத்து, கொன்று, தானும் செத்தால் மூன்று லாபம்.

கறுப்பு மானாதான் மறைந்திருக்கும் செலவு. ஸ்வாம்ப் 2, குரோட்டோ 1 என்று மூன்று இருந்தால், 15 கார்டு எடுப்பதற்குள் ஒன்றாவது கைக்கு வர 77%. ஆமுலெட்டை நான்காவதாகச் சேர்த்தால் 86%. ஆமுலெட்டைப் பார்த்தால் உப்புச்சப்பில்லாத கார்டாகத் தெரியும். ஆனால் மேலே சொன்ன 78% பலிப்பது அதனால்தான். ஸ்வாம்பை மூன்றாக்கினால் ஃபாரஸ்டோ ஐலேண்டோ குறைந்து மூன்றாவது டர்ன் ஸ்காப் தடுமாறும். அசிஸ்டன்ட் தரும் மானாவுக்கு நிறம் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

லைப்ரரி தீர்ந்துபோவது இன்னொரு செலவு. மேலே சொன்ன ஆட்டத்தில் எட்டாவது டர்னில் லைப்ரரியில் ஒன்பது கார்டுதான் மிச்சம். அதற்காகத்தான் மெமரீஸ் ஜர்னி. கிரேவ்யார்டிலிருந்து மூன்று கார்டுவரை லைப்ரரிக்குத் திருப்பும், அதன் ஃபிளாஷ்பேக்குக்கு ஒற்றைப் பச்சை மானா போதும். லைப்ரரி காலியான பிறகும் அப்கீப்பில் (டர்ன் தொடக்கத்தில், கார்டு எடுக்கும் முன்) ஒரு ஃபாரஸ்டைத் தட்டி (பக்கவாட்டில் திருப்பி மானா எடுத்து) அதை ஆடினால், அந்த டர்னில் எடுக்க கார்டு இருக்கும். எந்த மூன்றைத் திருப்புவது என்பதில் கவனம் வேண்டும்: கிரீச்சரைத் திருப்பினால் சிலந்தி குறையும். ஸ்பெல்களைத் திருப்புங்கள்.

இங்கேதான் ரூனிக் ரெபிடிஷன் வருகிறது. கடைசிப் பிக்குகளில் சுற்றிக்கொண்டிருக்கும் அன்காமன் அது. ஃபிளாஷ்பேக் ஆகி எக்ஸைலுக்கு (ஆட்டத்துக்கு வெளியே) போன கார்டு ஒன்றை மறுபடி கைக்குத் தரும். லைப்ரரி காலி, ஜர்னி எக்ஸைலில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெபிடிஷனால் ஜர்னி கைக்கு வரும். இரண்டு மானாவுக்கு ஜர்னியை ஆடி, ரெபிடிஷனையும் வேறு இரண்டு கார்டையும் லைப்ரரிக்கு அனுப்பலாம். பிறகு அப்கீப்பில் ஃபிளாஷ்பேக்கில் இன்னும் மூன்று. ஒரு சுற்றுக்கு ஆறு கார்டு. ரெபிடிஷன் ஒன்று போக ஐந்து புதியது, அதில் ஒன்று ஸ்பானிங். இந்தச் சுழற்சி தொடங்கிவிட்டால் ஸ்பானிங்கை ஃபிளாஷ்பேக்கில் ஆடாதீர்கள்: அது எக்ஸைலுக்குப் போய்விட்டால் ரெபிடிஷனை அதற்கே செலவழிக்க வேண்டிவரும். கையிலிருந்து ஐந்து மானாவுக்கு ஆடி, கிரேவ்யார்டுக்குப் போகவிட்டு, ஜர்னியால் திருப்புங்கள்.

ஸ்பானிங் வராத ஆட்டங்களில் நா டு தி போன் காப்பாற்றும். எட்டுக் கிரீச்சர் கிரேவ்யார்டில் இருந்தால் 16 உயிர், ஃபிளாஷ்பேக்கில் மேலும் 16. ஒவ்வொரு தடவையும் மூன்று மானாதான். வேகமாக அடிக்கும் டெக்குக்கு எதிரே இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை. இது பெரும்பாலும் மேஜையைச் சுற்றித் திரும்பி வரும்.

எங்கே அடிபடும்? சிலந்திகளின் டஃப்னஸ் இரண்டுதான். எதிராளி சிவப்பில் ரோலிங் டெம்ப்ளர் வைத்திருந்தால், பறக்காத எல்லாவற்றுக்கும் இரண்டு டேமேஜ், ஃபிளாஷ்பேக்கில் மறுபடியும் இரண்டு. முதல் ஆட்டத்தில் அதைப் பார்த்துவிட்டால் ஸ்பானிங்கை ஒரே டர்னில் முழுசாக நம்பி இறக்காதீர்கள். ஐந்து மானா தடவை ஒரு டர்ன், ஏழு மானா தடவை டெம்ப்ளர் போன பிறகு. வெள்ளை நிறம் ஆடுபவர் பியூரிஃபை தி கிரேவ் கொண்டுவந்தால் நேரே ஸ்பானிங்கையே எக்ஸைல் செய்வார்; அந்த ஆட்டத்தில் ஸ்பானிங் கையில் வந்தால் ஐந்து மானா சேரும்வரை கையிலேயே வையுங்கள். கிரேவ்யார்டுக்குப் போனதற்குத்தான் அந்த அபாயம்.

கடிகாரம் தனிப் பிரச்சினை. மேஜையில் ஒரு சுற்றுக்கு 50 நிமிடம், மேஜிக் ஆன்லைனில் ஒருவருக்கு 25 நிமிடம். இந்த டெக் இரண்டு ஆட்டத்துக்கே 45 நிமிடம் தின்னும். கிரேவ்யார்டில் கிரீச்சர்களைத் தனி வரிசையாக அடுக்கி வைத்தால் ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டாம். சிலந்தி டோக்கன் (சிலந்தியைக் குறிக்கும் அடையாள அட்டை) குறைந்தது பதினைந்து கொண்டுபோங்கள். ஒரே பகடையில் எண் வைத்து ஆடினால், எது தட்டியது எது தட்டாதது என்ற வாக்குவாதத்திலேயே ஐந்து நிமிடம் போகும்.

## வெஞ்சன்ஸ் டெக்

பர்னிங் வெஞ்சன்ஸ் மூன்று மானா என்சான்ட்மென்ட். கிரேவ்யார்டிலிருந்து நீங்கள் ஒரு ஸ்பெல்லை ஆடும்போதெல்லாம், விரும்பிய கிரீச்சர் மீதோ ஆட்டக்காரர் மீதோ இரண்டு டேமேஜ். ஆடிய கணத்திலேயே டிரிகர் ஆகும். எதிராளி அந்த ஸ்பெல்லைக் கவுன்டர் செய்தாலும் (ரத்து செய்தாலும்) இரண்டு டேமேஜ் உண்டு.

பர்னிங் வெஞ்சன்ஸ் 2, கைஸ்ட்ஃபிளேம் 2, சைலன்ட் டிபார்ச்சர் 2, தின்க் ட்வைஸ் 2, டெஸ்பரேட் ரேவிங்ஸ் 1, டிரீம் ட்விஸ்ட் 1, ரோலிங் டெம்ப்ளர் 1, கிராஸ்ப் ஆஃப் ஃபேன்டம்ஸ் 1, ஃபர்பிடன் ஆல்கெமி 2, பிரிம்ஸ்டோன் வாலி 2, கிளாஸ்ட்ரோஃபோபியா 1, ஆர்மர்டு ஸ்காப் 2, ஃபோர்ட்ரஸ் கிராப் 1, மூன் ஹெரான் 2, டிரேஞ்ஜ்டு அசிஸ்டன்ட் 1. லேண்டுக்கு ஐலேண்ட் 9, மவுன்டன் 7, ஷிம்மரிங் குரோட்டோ 1. ஆல்கெமியின் ஃபிளாஷ்பேக்குக்குக் கறுப்பு வேண்டும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் ஃபிளாஷ்பேக் கார்டு பத்து. பத்து தடவை இரண்டு டேமேஜ் என்றால் இருபது, எதிராளியின் முழு உயிர். பத்துக்குக் கீழே போனால் இது வெஞ்சன்ஸ் டெக்கே இல்லை.

டெம்ப்ளர் இருப்பதால் கிரீச்சர்களும் அதற்கேற்றவையாக இருக்க வேண்டும். ஸ்காபுக்கு டஃப்னஸ் 4, கிராபுக்கு 6, ஹெரான் பறக்கும். அசிஸ்டன்ட் ஒன்றுதான் சாகும்.

டிரீம் ட்விஸ்டைப் பார்த்துச் சிரிப்பார்கள்: மூன்று கார்டு மில், அவ்வளவுதான். ஆனால் அதன் ஃபிளாஷ்பேக் இரண்டே மானா. ஐந்தாவது டர்னில் வெஞ்சன்ஸுக்கு மூன்று, ட்விஸ்ட் ஃபிளாஷ்பேக்குக்கு இரண்டு: இறங்கிய டர்னிலேயே ஒரு கிரீச்சர் செத்துவிடும். மூன்றாவது டர்னிலேயே வெஞ்சன்ஸை இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இது மேல். எதிராளி அதை உடைத்தாலும் உங்களுக்கு ஒரு கார்டு லாபம் கிடைத்திருக்கும்.

பலர் அஞ்சும் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். ‘நானே மில் செய்தால் வெஞ்சன்ஸ் கிரேவ்யார்டுக்குப் போய்விடுமே’ என்பார்கள். போகும்தான். ஆனால் லைப்ரரியின் மேலே என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, மேலிருந்து நான்கு போவதும் அடியிலிருந்து நான்கு போவதும் ஒன்றே. அடுத்த கார்டு வெஞ்சன்ஸாக இருக்கும் வாய்ப்பு மாறாது. மில் ஆன தின்க் ட்வைஸும் கைஸ்ட்ஃபிளேமும் இலவசமாக வந்தவை. உண்மையில் அஞ்ச வேண்டியது டெஸ்பரேட் ரேவிங்ஸ். அது கையிலிருந்து ஏதோ ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எறியும். வெஞ்சன்ஸ் கையில் இருக்கும்போது ரேவிங்ஸ் ஆடாதீர்கள்.

ஆனாலும் சிலந்தி டெக்கோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு குறை நிற்கிறது. மில் இங்கே தேடலுக்குச் சமம் ஆகாது. வெஞ்சன்ஸ் கைக்கு வந்தே தீர வேண்டும். இரண்டு பிரதி வைத்து 14 கார்டு எடுத்தால் 58%. தின்க் ட்வைஸ், ரேவிங்ஸ் உதவியால் 18 கார்டு எடுத்தால் 70%. ஒரே பிரதியோடு 14 கார்டு என்றால் 35% மட்டுமே. ஒற்றை ஸ்பானிங் தரும் 78% இரண்டு வெஞ்சன்ஸுக்கும் இல்லை. இரண்டு வெஞ்சன்ஸ் மேஜையில் இருக்கும் வாய்ப்போ 34%.

கூடவே பிரிம்ஸ்டோன் வாலியும் கிளாஸ்ட்ரோஃபோபியாவும் யாரும் ஒதுக்கும் கார்டுகள் இல்லை. நீலம் ஆடும் யாரும், சிவப்பு ஆடும் யாரும் அவற்றை முதல் மூன்று நான்கு பிக்கில் எடுத்துவிடுவார்கள். உங்கள் டெக்கில் பாதி மலிவு, பாதி சந்தை விலை. எதிராளியின் சைடுபோர்டில் நேச்சுரலைஸ் இருக்கும், அர்ஜன்ட் எக்ஸார்சிஸம் இருக்கும், இரண்டுமே காமன். ஸ்பிரிட் நிறைந்த தொகுப்பு என்பதால் எக்ஸார்சிஸத்தை மெயின் டெக்கிலேயே வைப்பவர்களும் உண்டு.

வெஞ்சன்ஸ் வராத ஆட்டத்தில் இது மோசமான டெக் ஆகிவிடாது. சுமாரான நீல-சிவப்புக் கட்டுப்பாட்டு டெக்காக ஓடும். நீண்ட ஆட்டம் பிடிக்கும், கார்டு எண்ணிக்கையில் முந்தப் பிடிக்கும் என்றால் உங்களுக்கு ஏற்றது. வெஞ்சன்ஸ் இல்லாமல் ஜெயிக்க ஹெரான் இரண்டைத்தான் நம்ப வேண்டும் என்பதை அறிந்தே உட்காருங்கள்.

## பச்சை-வெள்ளை

டிராவல் பிரெபரேஷன்ஸ் இரண்டு மானா. இரண்டு கிரீச்சர்களுக்கு ஆளுக்கொரு +1/+1 கவுன்டர் (பலத்தையும் டஃப்னஸையும் ஒன்று கூட்டும் குறி). ஃபிளாஷ்பேக்குக்கு இரண்டு மானா, ஒன்று வெள்ளை. முதல் டர்ன் அவாசின்ஸ் பில்கிரிம், இரண்டாவது டர்ன் ஆர்ச்சர்டு ஸ்பிரிட், மூன்றாவது டர்ன் பிரெபரேஷன்ஸும் அதன் ஃபிளாஷ்பேக்கும் சேர்த்து: மூன்றாவது டர்னிலேயே பறப்பவையும் ரீச் உள்ளவையும் தவிர வேறெதுவும் தடுக்க முடியாத 4/4 அடிக்கிறது. காமன்களால் மட்டுமே ஆன ஆட்டம் இது.

16 லேண்ட், 16 அல்லது 17 கிரீச்சர், மிச்சத்துக்கு பிரே அப்பான், ரிப்யூக், பாண்ட்ஸ் ஆஃப் ஃபெய்த். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாத டெக். அதுவே அதன் பெருமை. களைத்துப்போன மூன்றாவது சுற்றிலும் பிழையில்லாமல் ஆடலாம்.

செலவு முழுவதும் டிராஃப்டில்தான். இதன் மதிப்பு எல்லாருக்கும் தெரியும். சராசரி 2.1 பிரதியில் உங்களுக்கு ஒன்று வந்தாலே நல்லது. பக்கத்து நாற்காலிக்காரர் பச்சையில் இருந்தால் இரண்டாவது பாக்கெட் முழுக்க அவர் விட்ட மிச்சம்தான் உங்களுக்கு. பிரெபரேஷன்ஸ் இல்லாமல் 2/2-களை வரிசையாக இறக்கும் பச்சை-வெள்ளை, ஸ்காபின் 1/4 உடம்பில் முட்டி நின்றுவிடும்.

## எதிராளியை மில் செய்யும் டெக்

நான்காவதாக ஒன்றையும் கேட்கிறார்கள்: கர்ஸ் ஆஃப் தி பிளடி டோம், டிரீம் ட்விஸ்ட் எல்லாம் சேர்த்து எதிராளியின் லைப்ரரியைக் காலி செய்வது. வேண்டாம். ஃபிளாஷ்பேக் நிரம்பிய தொகுப்பில் எதிராளியின் கிரேவ்யார்டை நிரப்புவது அவருக்கு இலவசமாகக் கார்டு கொடுப்பது.

## இரண்டு கதவையும் திறந்து வைப்பது

முதல் பிக்கிலேயே ‘நான் சிலந்தி’ என்று முடிவெடுப்பவர் 29% மேஜைகளில் தொடங்கும்போதே தோற்றவர். ஸ்பானிங், வெஞ்சன்ஸ் இரண்டில் ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்று இருப்பவருக்கோ, இரண்டும் இல்லாத மேஜை 8% மட்டுமே. முதல் சுற்று முழுக்க இரண்டுமே வராவிட்டாலும், மீதி 16 பாக்கெட்டில் ஒன்றாவது வர 81% உண்டு. ஸ்பானிங்கை மட்டும் நம்பியிருந்தால் அதே கட்டத்தில் 56%.

இது சாத்தியப்படுவது நீலத்தால். ஸ்காப், ஆல்கெமி, அசிஸ்டன்ட், ஹெரான், கிளாஸ்ட்ரோஃபோபியா ஐந்தும் இரண்டு டெக்குக்கும் பொது. முதல் பாக்கெட்டில் இவற்றைச் சேருங்கள். ஸ்காப் ஐந்தாவது பிக்குக்கு முன் எடுக்க வேண்டிய கார்டு அல்ல. ஆறு, ஏழில் வரும். மல்ச், நா டு தி போன், டிரீம் ட்விஸ்ட் மூன்றும் எப்போது வருகின்றன என்று கவனியுங்கள். முதல் பாக்கெட் உங்களிடம் திரும்புவது ஒன்பதாவது பிக்கில். அதில் நீங்கள் விட்ட மல்ச் அப்படியே திரும்பி வந்தால் மேஜையில் வேறு யாரும் மில் டெக் கட்டவில்லை. போயிருந்தால் யாரோ ஒருவர் உங்களைப் போலவே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார், வெஞ்சன்ஸ் பக்கம் சாய வேண்டும்.

இருமுகக் கார்டுகளை மறைக்க முடியாது என்பதும் உதவும். பக்கத்தில் இருப்பவர் எந்த ஓநாயை எடுத்தார் என்று கண்ணெதிரே தெரியும். இரண்டு பக்கமும் பச்சை இருமுக ஓநாயான வில்லேஜர்ஸை முதல் பிக்குகளில் எடுத்தால் பச்சை-வெள்ளைக் கதவை அப்போதே சாத்திவிடலாம்.

## எந்தச் சூழலில் எது

எட்டுப் பேர் மேஜை, மூன்று சுற்று, ஆடுபவர்கள் கிரீச்சரையும் ரிமூவலையும் (எதிராளியின் கிரீச்சரை ஒழிக்கும் கார்டுகளையும்) மட்டும் எடுக்கும் பழக்கக்காரர்கள் என்றால் சிலந்தி. வேகமாக ஆடவும் கை பழகியிருக்க வேண்டும்.

முதல் பாக்கெட்டில் பிரிம்ஸ்டோன் வாலி இரண்டு கிடைத்து, இரண்டாவது பாக்கெட்டின் நடுவில் வெஞ்சன்ஸ் வந்தால் அதற்கு மாறுங்கள். மூன்றாவது பாக்கெட்டிலும் இரண்டாவது பிரதி வராவிட்டால் ஹெரான், ஸ்டிச்டு டிரேக் போன்ற பறப்பவற்றைக் கூட்டி சாதாரண நீல-சிவப்பாக முடித்துக்கொள்ளுங்கள்; ஒற்றை வெஞ்சன்ஸுக்காக ஃபிளாஷ்பேக்கைக் குவிக்க வேண்டாம். டிரேக் கிரேவ்யார்டிலிருந்து ஒரு கிரீச்சரை எக்ஸைல் செய்யும் என்பதால் சிலந்தி டெக்கில் அதற்கு இடமில்லை. இங்கே தடையில்லை.

தோற்றால் வெளியே என்ற போட்டியா, நேரம் குறைவா, எதிரில் உட்காரப்போகிறவர்கள் எல்லாரும் இந்தத் தொகுப்பை நன்றாக அறிந்தவர்களா? பச்சை-வெள்ளை. அறிந்தவர்கள் மேஜையில் ஸ்பானிங்கும் மல்சும் தாமதமாக வராது. சீக்கிரம் போய்விடும் சிலந்தி டெக்கை யாரும் மலிவாகக் கட்ட முடியாது.

டார்க் அசென்ஷன் என்ற அடுத்த தொகுப்பு 2012 பிப்ரவரியில் வந்த பிறகு, முதல் பாக்கெட் அது, அடுத்த இரண்டும் இன்னிஸ்ட்ராட் என்று டிராஃப்ட் மாறியது. அந்த வடிவில் ஆடினால் இன்னிஸ்ட்ராட் பாக்கெட் 16-தான். ஸ்பானிங் ஒன்றாவது இருக்க 56%. முதல் பாக்கெட்டில் அதை எதிர்பார்த்து எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். சீல்டில் (கைமாற்றாமல், தான் திறந்த பாக்கெட்டுகளாலேயே டெக் கட்டும் வடிவில்) இன்னும் சுருக்கம்: ஆறு இன்னிஸ்ட்ராட் பாக்கெட்டில் ஸ்பானிங் கிடைக்க 26%, வெஞ்சன்ஸ் இரண்டு கிடைக்க 3%. அங்கே பாக்கெட்டுகளைத் திறந்து பார்த்த பிறகுதான் பேச்சு. ஸ்பானிங் இருந்து, ஸ்காபும் மல்சும் சேர்த்துக் குறைந்தது நான்கு இருந்தால் கட்டுங்கள். அதற்குக் குறைந்தால் ஸ்பானிங்கைச் சைடுபோர்டில் வைத்து, எதிராளி மெதுவான டெக் என்று தெரிந்த இரண்டாம் ஆட்டத்தில் இரண்டு ஸ்வாம்போடு உள்ளே கொண்டுவாருங்கள்.